சுமைகூலி முக்கால் பணம்: மதுரை வட்டாரச் சரக்கு வண்டிகளும் அவற்றின் பாடியும்

பொழுது விடியுமுன் மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் போய் நின்றால் ஒரு பாடம் இலவசமாகக் கிடைக்கும். நான் பார்த்த ஒரு விடிகாலையில் இரண்டு வண்டிகள் அடுத்தடுத்து வந்து நின்றன. இரண்டிலும் தக்காளிப் பெட்டிகள். வண்டிகளும் ஏறக்குறைய ஒரே அளவு. முதல் வண்டியில் பக்கப் பலகைகளைக் கீழே மடக்கிவிட்டார்கள். மூன்று பக்கமும் ஆள் நின்று பெட்டிகளைக் கைமாற்றிக் கைமாற்றி இறக்கினார்கள். இரண்டாவது வண்டி நாலு பக்கமும் தகரம் அடைத்த கூண்டு. பின்கதவு ஒன்றுதான் வழி. உள்ளே ஒருவர் குனிந்து பெட்டியை இழுத்துக்கொண்டு வர, வெளியே மூன்று பேர் காத்துக் கிடந்தார்கள். முதல் வண்டி காலியாகித் திரும்பிப் போனபோது இரண்டாவது வண்டியில் பாதிச் சரக்குகூட இறங்கியிருக்கவில்லை.

‘சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்’ என்பது சந்தைக்குப் போய்வந்தவர்கள் சொன்ன பழமொழி. அது இன்றைக்கும் அப்படியே பொருந்துகிறது. தொழிலுக்கு வண்டி எடுக்கிறவர்கள் எஞ்சின், மைலேஜ், மாதத் தவணை மூன்றையும் பத்து நாள் விசாரிக்கிறார்கள். பாடி என்ன மாதிரி வேண்டும் என்பதைப் பத்து நிமிடத்தில் முடிவு செய்துவிடுகிறார்கள். மதுரை வட்டாரத்தில் இது தலைகீழாக இருக்க வேண்டும். காரணம், தூரம். திருமங்கலம், மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி எல்லாமே நகரிலிருந்து இருபது முதல் நாற்பது கிலோமீட்டர் சுற்றில் இருக்கின்றன. ஒரு நடைக்கு வண்டி ஓடுவது ஒரு மணி நேரம் என்றால், ஏற்றவும் இறக்கவும் நிற்பது இரண்டு மூன்று மணி நேரம். ஓடும் நேரத்தை எஞ்சின் தீர்மானிக்கலாம். நிற்கும் நேரத்தைத் தீர்மானிப்பது பாடிதான். இந்தக் கட்டுரை அந்த ஒரு கணக்கைப் பிடித்துக்கொண்டு பாடி வகைகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிறது.

மாட்டு வண்டி சொல்லித் தந்தது

இந்த அறிவு நமக்குப் புதிதல்ல. குப்பையடிக்கும்போது பாரவண்டியில் மூங்கில் தட்டி கட்டுவார்கள். வைக்கோல் ஏற்றும்போது தட்டியைக் கழற்றிவிட்டு, ஓரங்களில் கம்பு நட்டுக் கயிறு போட்டு இறுக்குவார்கள். நெல் மூட்டைக்கு வெறும் பலகையே போதும். ஆட்கள் போகக் கூண்டு வண்டி தனி. மாடும் சக்கரமும் அதேதான். சரக்கு மாறினால் மேல்கட்டு மாறியது.

மோட்டார் வண்டி வந்த பிறகும் இந்த வழக்கம் நெடுநாள் நீடித்தது. 1911-ல் டி.வி. சுந்தரம் அய்யங்கார் தொடங்கிய நிறுவனம் மதுரையை மோட்டார் தொழிலின் ஊராக்கியது. லாரிகள் பெருகியபோது சேஸை மட்டும் வாங்கி வந்து, பட்டறையில் கொடுத்துப் பாடி கட்டிக்கொள்வதே நடைமுறையாக இருந்தது. பேருந்துக்குக் கரூர் எப்படியோ அப்படி லாரிக்கு நாமக்கல்லும் திருச்செங்கோடும் பெயர் பெற்றன. பட்டறைக்காரர் கேட்கும் முதல் கேள்வி ‘என்ன லோடு அடிக்கப் போறீங்க?’ என்பதாக இருக்கும்.

1986-ல் டாடா 407 வந்தது. 2005-ல் டாடா ஏஸ் வந்து ‘குட்டி யானை’ என்று பெயரெடுத்தது. 2011-ல் அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது. இந்தச் சிறு வண்டிகளில் பெரும்பாலானவை தொழிற்சாலையிலிருந்தே பாடியோடு வெளிவருகின்றன. அதனால் சிறு வியாபாரிகள் வண்டி வாங்கலாயிற்று. அது பெரிய நன்மை. ஆனால் ‘என்ன லோடு’ என்ற அந்தக் கேள்வியைக் கேட்க ஆளில்லாமல் போயிற்று. ஷோரூமில் நிற்கும் பாடிக்கு ஏற்பச் சரக்கைத் திணிக்கும் பழக்கம் இப்படித்தான் வந்தது.

கனமா, பருமனா?

எந்தச் சரக்கைப் பற்றியும் முதலில் கேட்க வேண்டியது இது: வண்டி எடையில் நிறையுமா, இடத்தில் நிறையுமா? ஓர் ஆறு சக்கர லாரியை எடுத்துக்கொள்வோம். 2018-ல் மத்திய அரசு அச்சு எடை வரம்பை உயர்த்தியபின் இவ்வகை வண்டிக்குச் சரக்கோடு சேர்த்த மொத்த எடை 16.2 டன்னிலிருந்து 18.5 டன் ஆனது. பாடியோடு வெறும் வண்டி 7 டன் என்று வைத்துக்கொண்டால் சரக்குக்கு மிஞ்சுவது 11.5 டன். பாடியின் உள்ளளவு 20 அடி நீளம், 7 அடி அகலம், 6 அடி உயரம் என்றால் கொள்ளளவு 840 கன அடி, அதாவது சுமார் 24 கன மீட்டர்.

இதே வண்டியில் மூன்று சரக்கை ஏற்றிப் பார்ப்போம். கிரானைட் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 2.7 டன். பாடித் தரை முழுக்க ஓர் அடி உயரத்துக்குப் பரப்பினாலே எடை முடிந்துவிடும். மேலே ஐந்தடி வெறும் காற்று. நெல் ஒரு கன மீட்டருக்கு 550 முதல் 600 கிலோ. விளிம்புவரை கொட்டினால் 13 டன்னைத் தாண்டும். ஆகவே விளிம்புக்கு ஓர் அடி கீழே நிறுத்த வேண்டும். பஞ்சு மெத்தையோ ஃபோமோ ஏற்றினால், கன மீட்டருக்கு 30 கிலோ என்று கொண்டாலும், வண்டி மூச்சு முட்ட நிறைந்த பிறகும் எடை முக்கால் டன்னைத் தொடாது.

கல்லுக்கு உயரமான பாடி வீண் செலவு. மெத்தைக்கு வலுவான சட்டம் வீண் செலவு. எடையில் நிறையும் சரக்கென்றால் பாடியின் சொந்த எடையைக் குறைப்பதில் பணம் போடலாம். பாடி 200 கிலோ கூடுதலாக இருந்தால், நாளுக்கு ஒரு நடை, வருடத்துக்கு 300 நாள் என்ற கணக்கில் 60 டன் சரக்கு ஏறாமல் போகிறது. இடத்தில் நிறையும் சரக்கென்றால் அந்த 200 கிலோவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். நீளமும் உயரமும்தான் காசு.

திறந்த பாடி

மதுரைச் சமவெளிக்கு இன்றும் அதிகம் பொருந்துவது திறந்த பாடிதான். பெரியாறு பாசனத்தில் அறுவடை தொடங்கியதும் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் 40 கிலோ மூட்டைகள் அடுக்கப்படும். பத்து டன் லாரிக்கு 250 மூட்டை. நாலு பேர் ஏற்ற, ஒரு மூட்டைக்கு ஒருவருக்கு ஒரு நிமிடம் என்று வைத்தால் ஒரு மணி நேரத்தில் முடியும். பக்கப் பலகை திறந்தால்தான் இந்தக் கணக்கு. பின்கதவு மட்டும் உள்ள வண்டியில் ஒவ்வொரு மூட்டையோடும் உள்ளே நடந்து, திரும்பி வர வேண்டும். அதற்கு அரை நிமிடம் கூடினாலே ஒன்றரை மணி நேரம் ஆகிவிடும். அந்த அரை மணி நேரமும் சுமைப்பணியாளரின் முதுகில்தான் விடிகிறது. பாடியின் அமைப்பு ஒரு மனிதரின் உடம்போடு சம்பந்தப்பட்டது என்பதை வண்டி எடுக்கும் முதலாளி மறக்கக் கூடாது.

திறந்த பாடியிலும் பிரிவுகள் உண்டு. செங்கல், கம்பி, குழாய்க்குத் தாழ்ந்த பக்கப் பலகை போதும். தேங்காய், கரும்பு, வாழைத்தார் போன்றவற்றுக்கு மேலே கம்பிச் சட்டம் வைத்த உயர்ந்த பாடி வேண்டும். தரை மரமா இரும்பா என்பதும் ஒரு கேள்வி. மரத்தில் மூட்டை வழுக்காது, வெயிலில் அவ்வளவாகக் காயாது. இரும்பு அடிதாங்கும்; ஆனால் மழைநீர் தேங்கும் மூலைகளில் துரு பிடிக்கும். மூட்டைச் சரக்குக்கு மரமும், கல், இரும்புச் சரக்குக்கு இரும்புத் தகடும் பொருத்தம்.

திறந்த பாடியின் எதிரி மழை. ஐப்பசி, கார்த்திகையில் தார்ப்பாய் ஒரு சாண் விலகினாலும் அடிமூட்டைவரை நனைந்துவிடும். அதனால் தார்ப்பாய்க்கு வளைவுக் கம்பிகள் வைத்துக் கட்டுவதைப் பட்டறையிலேயே சொல்லிச் செய்துகொள்ள வேண்டும். சரக்கின் மேல் நேரடியாகப் போட்ட தார்ப்பாயில் தண்ணீர் குளம் கட்டும். வளைவின் மேல் போட்டால் வழிந்தோடும்.

அடைத்த பாடியும் குளிர்ப் பாடியும்

துணி, மருந்து, மின்சாதனம், பொட்டலமிட்ட மளிகை, அப்பளம், வத்தல்: இவற்றுக்கு அடைத்த பாடிதான் சரி. தூசி, மழை, திருட்டு மூன்றிலிருந்தும் காப்பாற்றும். கயிறு கட்டும், தார்ப்பாய் மூடும் வேலை மிச்சம். பல கடைகளில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிச் செல்லும் வண்டிக்குப் பூட்டிய கதவே பெரிய நிம்மதி. ஆனால் ஒரு கதவு போதாது. பின்கதவோடு இடப்பக்கம் ஒரு கதவும் வைத்துக்கொண்டால், தெருவோரம் நிறுத்தி ஓரத்திலிருந்தே இறக்கலாம். கடைசியாக ஏற்றியதைத்தான் முதலில் எடுக்க முடியும் என்ற கட்டாயமும் குறையும்.

அடைத்த பாடி எல்லாச் சரக்குக்கும் நல்லது என்ற நம்பிக்கை ஆபத்தானது. எனக்குத் தெரிந்த ஒருவர் மழைக்குப் பயந்து அடைத்த கூண்டு வண்டி எடுத்து, அதில் சின்ன வெங்காயம் ஏற்றினார். சித்திரை வெயிலில் மதியம் முழுக்க வண்டி நின்றது. மாலையில் கதவைத் திறந்தபோது முகத்தில் அடித்த புழுக்கத்திலேயே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. தகரத்தின் உட்புறம் வேர்த்து, மேல்மூட்டைகள் ஈரமாகிக் கிடந்தன. வெங்காயம், உருளை, காய்கறி எல்லாம் பறித்த பிறகும் மூச்சு விடுகின்றன. அவற்றுக்குக் காற்று வேண்டும். அடைத்த பாடிதான் வேண்டுமென்றால் முன்புறமும் பின்புறமும் மூடித் திறக்கும் காற்றுத் துளைகள் வைக்க வேண்டும்.

அடுத்த படி, பஃப் எனப்படும் வெப்பக்காப்பு வைத்த பாடி. அதற்கும் அடுத்தது குளிரூட்டும் இயந்திரம் பொருத்திய பாடி. இரண்டையும் ஒன்றென நினைக்கக் கூடாது. வெப்பக்காப்பு, உள்ளே இருக்கும் குளிரைச் சில மணி நேரம் தாங்கிப் பிடிக்கும். நான்கு டிகிரிக்குக் குளிர்வித்த பாலை நகருக்குள் கொண்டுசெல்ல அதுவே போதும். ஐஸ்கிரீமுக்குப் பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி வேண்டும். அங்கே இயந்திரம் இல்லாமல் முடியாது. அந்த இயந்திரமும் குளிர்ந்த சரக்கைக் குளிராக வைத்திருப்பதற்குத்தான். வெயிலில் கிடந்த சரக்கை ஏற்றிவிட்டு வண்டியே குளிர்விக்கும் என்று எதிர்பார்த்தால் டீசலும் போகும், சரக்கும் போகும்.

2013-ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி இதற்கு நல்ல உதாரணம். மொட்டு விரிவதற்குள் கைமாற வேண்டிய சரக்கு அது. தோட்டத்திலிருந்து மாட்டுத்தாவணிக்கு ஒரு மணி நேரப் பயணம். அதற்குக் குளிர் வண்டி தேவையில்லை, நிழலும் காற்றும் உள்ள சின்ன வண்டி சீக்கிரம் வந்தால் போதும். வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் போகும் மல்லி தெர்மாகோல் பெட்டியில் பனிக்கட்டியோடு போகிறது. பெட்டியே குளிர்ப் பாடியாகிவிடுவதால் வண்டியின் பாடி சாதாரணமாக இருக்கலாம். எங்கே பாதுகாப்பு வேண்டும் என்று யோசித்தால், வண்டியில் போடவிருந்த லட்சங்களைச் சில சமயம் பெட்டியிலேயே மிச்சம் பிடிக்கலாம்.

டிப்பர், டேங்கர், டிரெய்லர்

ஜல்லி, எம்-சாண்ட், கிராவல் மண்ணுக்கு டிப்பர். இறக்க ஆள் வேண்டாம், இரண்டு மூன்று நிமிடத்தில் காலி. ஆனால் பெட்டியின் அளவில்தான் பிழை நடக்கிறது. இங்கே மணல் யூனிட் கணக்கில் விற்கிறது. ஒரு யூனிட் 100 கன அடி. எம்-சாண்ட் என்றால் ஏறத்தாழ நாலரை டன். மூன்று யூனிட் கொள்ளும் பெட்டியை ஆறு சக்கர வண்டியில் ஏற்றினால் சரக்கு மட்டும் பதின்மூன்றரை டன்; சட்டம் அனுமதிக்கும் எடையைத் தாண்டிவிட்டது. பெட்டி பெரிதாக இருந்தால் கொட்டுகிறவர் நிரப்பத்தான் செய்வார். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பதைப் போல, வண்டியின் எடைக்குத் தகுந்த பெட்டியைக் கட்டினால் ஓட்டுநர் ஒவ்வொரு நாளும் ஆசையோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. டிப்பரைத் தூக்கும் இடத்தில் தரை சமமாகவும் கெட்டியாகவும் இருக்கிறதா, மேலே மின்கம்பி போகிறதா என்று பார்ப்பது உயிர் காக்கும் பழக்கம்.

டேங்கரில் ஆபத்து பாதி நிரம்பிய நிலையில் இருக்கிறது. முழுத் தொட்டியில் தண்ணீருக்கு அசைய இடமில்லை. பாதித் தொட்டியில் பிரேக் பிடித்ததும் மொத்தத் தண்ணீரும் முன்னால் பாயும். வளைவில் ஒரு பக்கம் சாயும். ஆகவே தொட்டிக்குள் தடுப்புத் தகடுகள் கட்டாயம் வேண்டும். கோடையில் நகரத் தெருக்களில் ஓடும் தண்ணீர் வண்டிகளுக்கு இது மிகவும் பொருந்தும். 12,000 லிட்டர் என்பது 12 டன் என்பதையும் தொட்டி செய்யச் சொல்கிறவர் நினைவில் வைக்க வேண்டும்.

கிரானைட் கட்டி, இயந்திரங்கள், தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் ஆகியவற்றுக்குத் தட்டை டிரெய்லர். மூன்று மீட்டர் நீளமும் ஒன்றரை மீட்டர் அகல உயரமும் உள்ள ஒரு கிரானைட் கட்டி 18 டன் வரும். அதைச் சங்கிலியும் கட்டையும் போட்டு இறுக்கும் வசதி சட்டத்திலேயே இருக்க வேண்டும். கண்டெய்னர் என்றால் நாலு மூலையிலும் திருகுப் பூட்டு வேண்டும். கயிறு கட்டி ஓட்டுவது பாதுகாப்பல்ல. துறைமுகத்துக்கு மாதம் இரண்டு நடை மட்டும் போகிற தொழிலுக்குச் சொந்த டிரெய்லர் தேவையில்லை. வாடகைக்கு எடுப்பதே புத்திசாலித்தனம்.

ஆடு, மாடு ஏற்றுவது தனி. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 125-இ பிரிவு ஓர் ஆட்டுக்கு 0.3 சதுர மீட்டர், ஒரு மாட்டுக்கு 2 சதுர மீட்டர் இடம் கேட்கிறது. உள்ளே நிரந்தரத் தடுப்பும் வேண்டும். எட்டடிக்கு ஐந்தடி தளமுள்ள சிறு வண்டியில் அந்தக் கணக்கில் பன்னிரண்டு ஆடுகள்தான் ஏற்றலாம். ஜல்லிக்கட்டுக் காளையை அலங்காநல்லூருக்கும் பாலமேட்டுக்கும் கொண்டுபோகிறவர்கள் அதற்குத் தளம் போட்டு, வைக்கோல் விரித்து, சாய்வுப் பலகை வைத்து ஏற்றுகிறார்கள். சந்தைக்குப் போகிற ஆட்டுக்கும் அந்த அக்கறையில் கொஞ்சம் கிடைக்க வேண்டும்.

தெருவும் சட்டமும்

பாடியின் அளவைத் தெருவும் நிர்ணயிக்கும். கீழமாசி வீதி மொத்த வியாபாரிகளின் கடைகளுக்குச் சரக்கு கொண்டுபோகிறவர்களுக்கு இது தெரியும். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாக அமைந்த வீதிகளில் பகலில் கனரக வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. பெரிய லாரி நகருக்கு வெளியே நிற்க, சரக்கு சிறு வண்டிக்கு மாறி உள்ளே போகிறது. அப்படியென்றால் பெரிய வண்டி, சிறு வண்டி இரண்டின் தள உயரமும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துக் கட்டினால், ஒன்றின் பலகையிலிருந்து மற்றதற்கு நேராகத் தள்ளிவிடலாம். மூட்டையைத் தரையில் இறக்கித் திரும்பத் தூக்கும் வேலை மிச்சம்.

சட்டத்தின் எல்லைகள் தெளிவானவை. சரக்கு வண்டியின் அகலம் 2.6 மீட்டர், உயரம் 4 மீட்டர், டிரெய்லர் இல்லாத லாரியின் நீளம் 12 மீட்டர். இவற்றைத் தாண்டக் கூடாது. அதிக எடை ஏற்றினால் அபராதம் 20,000 ரூபாய், கூடுதலாகும் ஒவ்வொரு டன்னுக்கும் இன்னும் 2,000 ரூபாய், அதோடு கூடுதல் சரக்கை அங்கேயே இறக்கவும் வேண்டும். சரக்கு பக்கவாட்டிலோ மேலேயோ பின்னாலோ துருத்திக்கொண்டிருந்தாலும் 20,000 ரூபாய். வைக்கோல் ஏற்றுகிறவர்கள் இந்த இரண்டாவது விதியை மனதில் கொள்ள வேண்டும். பாடிக்கு வெளியே பிதுங்கி, மின்கம்பியை உரசிக்கொண்டு போகும் வைக்கோல் லாரி நம் சாலைகளில் தீப்பிடித்து எரிந்த கதைகள் பல. நீளம் கூடிய வண்டியில் இரண்டு அடுக்கு குறைத்து ஏற்றுவதே அதற்கு வழி.

சிறிய வண்டிக்குச் சட்டம் சில சலுகைகள் தருகிறது. மொத்த எடை 3 டன்னுக்குள் உள்ள சரக்கு வண்டிக்குப் பர்மிட் தேவையில்லை. இலகுரக ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பவர் 7,500 கிலோவரையுள்ள சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்தது. ஆள் கிடைப்பது கடினமான இந்நாளில் வண்டியின் அளவைத் தேர்ந்தெடுக்க இது ஒரு முக்கியக் காரணம்.

பாடியைப் பின்னால் இஷ்டத்துக்கு மாற்றவும் முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு அதைத் தடுக்கிறது. பதிவுச் சான்றில் திறந்த பாடி என்று இருக்க, மேலே கூண்டு அடித்து ஓட்டினால் தகுதிச் சான்றுக்கான எஃப்.சி. சோதனையில் நிற்கும், விபத்து நேர்ந்தால் காப்பீட்டிலும் சிக்கல் வரலாம். லாரிப் பாடி கட்டுவதற்கென்றே ஏ.ஐ.எஸ்.-093 என்ற தரக்கோவை இருக்கிறது. பட்டறையைத் தேர்ந்தெடுக்கும்போது அதன்படி ஒப்புதல் பெற்றவர்தானா என்று கேட்பது வாங்குகிறவரின் உரிமை. பக்கத் தடுப்பு, பின்பக்கத் தடுப்பு, ஒளிரும் பட்டை ஆகியவற்றை அலங்காரமாக எண்ணக் கூடாது. இரவில் சாலையோரம் நிற்கும் லாரியின் அடியில் போய்ச் செருகிக்கொள்ளும் இருசக்கர வண்டிக்காரரை அவைதான் காப்பாற்றும்.

திரும்புகால்

இன்னொரு கேள்வி பாக்கி இருக்கிறது: திரும்பும்போது வண்டியில் என்ன வரும்? டேங்கரும் டிப்பரும் பெரும்பாலும் காலியாகத்தான் திரும்பும். ஆகவே போகும்போதே இரு வழிச் செலவையும் சம்பாதிக்க வேண்டும். திறந்த பாடிக்கு நெல் கொண்டுபோன இடத்தில் உரமோ சிமெண்டோ கிடைக்கலாம். அடைத்த பாடிக்குத் திரும்புகால் லோடு கிடைப்பது, போகிற ஊரைப் பொறுத்தது. நாற்பது கிலோமீட்டர் தூரத்துக்குத் திரும்புகால் லோடுக்காக அரை நாள் காத்திருப்பதைவிடக் காலியாகத் திரும்பி இன்னொரு நடை அடிப்பது லாபம். இருநூறு கிலோமீட்டர் என்றால் காத்திருப்பது லாபம். எல்லாச் சரக்கையும் ஏற்றக்கூடிய பொதுப் பாடி நெடுந்தூர வண்டிக்கு நல்லது. ஒரே சரக்குக்கென்று கட்டிய பாடி குறுந்தூர வண்டிக்கு நல்லது.

வண்டி வாங்கப்போகிறவருக்கு நான் சொல்வது ஒன்றுதான். சேஸுக்கு முன்பணம் கொடுக்கும் முன் ஒரு வாரம் உங்கள் சரக்கை வாடகை வண்டிகளில் அனுப்புங்கள். ஒரு நாள் திறந்த பாடி, ஒரு நாள் அடைத்த பாடி என்று மாற்றி மாற்றி. நீங்களும் கூடவே போங்கள். கையில் ஒரு நோட்டு போதும். வண்டி வந்து நின்ற நேரம், ஏற்றத் தொடங்கிய நேரம், முடித்த நேரம், எடை மேடையில் காட்டிய எடை, சேதமான சரக்கு, மேலே எவ்வளவு இடம் காலியாக இருந்தது: இவற்றை எழுதுங்கள். சுமை தூக்குகிறவரிடம் எந்த வண்டியில் வேலை சுலபமாக இருந்தது என்று கேட்டு அதையும் எழுதுங்கள். பட்டறைக்காரர் அளவு நாடாவை எடுக்கும் முன் அந்த நோட்டை அவர் கையில் கொடுங்கள். பாடியின் நீளமும் உயரமும் கதவும் தரையும் அதிலேயே இருக்கும்.